உதட்டுப் பதம்

சித்தப்பா சாக்லேட்டின் பதத்தை உதட்டால்தான் பார்ப்பார். உருக்கிய சாக்லேட்டைச் சலவைக்கல்லின் மேல் கொட்டி, தட்டைக் கரண்டியால் இழுத்து, குவித்து, மறுபடியும் இழுத்து, சூடு இறங்கியதும் வாரிப் பாத்திரத்தில் போடுவார். பிறகு கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்துக் கீழுதட்டில் ஒற்றிக்கொண்டு கண்ணை மூடுவார். சுற்றி நிற்கிற வாடிக்கையாளர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உதட்டுக்குத் துளி குளிர்ச்சியாகப் பட்டால் பதம். "வந்துடுச்சு" என்பார். உதட்டில் ஒட்டியதை நாக்கு வந்து வழித்துக்கொண்டு போகும். மீசையில் ஒட்டியது அங்கேயே இருக்கும். கரண்டி நேராகப் பாத்திரத்துக்குள் திரும்பிப் போகும்.

அந்தக் கடைசி அசைவை யாரும் பார்ப்பதில்லை. அதற்குள் கைதட்ட ஆரம்பித்திருப்பார்கள். நான் பார்ப்பேன். எனக்கு வயிற்றிலிருந்து ஒன்று கிளம்பித் தொண்டை வரை வந்து நிற்கும்.

எனக்கு எதற்கெடுத்தாலும் குமட்டும் என்று நினைக்க வேண்டாம். அவருடைய சாக்லேட் பட்டறையின் அழுக்கு வேலை எல்லாம் என்னுடையதுதான். சாக்கில் வரும் கொக்கோ கொட்டை புளித்த வாடையடிக்கும். காய்ந்த சதை நார்நாராக ஒட்டியிருக்கும். சில சாக்குகளில் அந்துப்பூச்சி நூல் கட்டியிருக்கும், நூலைப் பிரித்தால் புழு நெளியும். அதையெல்லாம் கையால் பொறுக்கி எறிந்துவிட்டு அதே கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவேன். புழு தன் பாட்டுக்குத் தின்கிறது, தன் பாட்டுக்கு நெளிகிறது. அது நாலு பேர் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் எனக்குக் குரல் வராது. விடை தெரியும், வாய் திறக்காது. டீச்சர் அடித்தும் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். கடைசியில் அம்மா தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். "அங்க பேசற வேலை இல்ல. கொட்டை பொறுக்கணும், பாத்திரம் கழுவணும். அதுக்கு வாய் வேண்டாம்" என்றாள். சித்தப்பா என்னை முதல் நாளே "ஊமைக்கோட்டான்" என்று கூப்பிட்டார். பாசமாகத்தான். வந்தவர்களிடமும் அப்படித்தான் அறிமுகப்படுத்துவார். "இவ நம்ம ஊமைக்கோட்டான். இவ கை படாம ஒரு கொட்டை உள்ள போகாது."

சித்தப்பா நல்லவர். அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் சங்கடமே அதில்தான் இருக்கிறது.

கொக்கோ தோப்புகளுக்கு அவரே போவார். பயிரிடுகிறவர்களோடு உட்கார்ந்து பேசி, சந்தை விலைக்கு மேல் கொடுப்பார். அறுவடைக்கு முன்பே பாதிப் பணம் போய்விடும். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளைக் காய் உடைக்க வைத்திருந்த ஒரு தோப்புக்காரரிடம் சண்டை போட்டு, சட்டை கிழிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். சுவர் நிறையப் பயிரிடுகிறவர்களின் படங்கள்தான். அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. சாக்லேட் உறையில் 'இதில் யாருடைய கண்ணீரும் இல்லை' என்று அச்சடித்திருக்கிறார்.

அது சத்தியமான வார்த்தை. கண்ணீர் இல்லை. எச்சில் இருக்கிறது.

திருடனாக இருந்தால் அவர் வாயைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம். இப்படிப்பட்ட மனிதரிடம் போய், கரண்டியை எச்சில் பண்ணாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? சொல்கிறவள்தான் அற்பப் பிறவியாகத் தெரிவாள்.

மழைக்காலத்தில் ஒருமுறை அவர் கீழுதட்டு ஓரத்தில் கொப்புளம் கிளம்பியது. சின்னச் சின்னதாக, கொத்தாக, உள்ளே தண்ணீர் கோத்துக்கொண்டு. உடம்புச் சூடு என்றார். உடைந்து பொருக்குத் தட்டும் வரை அதன் மேலேயே சாக்லேட்டை ஒற்றினார். கொக்கோ வெண்ணெய் பட்டால் ஆறிவிடும் என்று சித்தி சொன்னாள். அவள் கவலை அவர் உதட்டைப் பற்றி மட்டும்தான். அந்த நாட்களில் ஒரு மத்தியானம் அவர் கரண்டியை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இந்தா, நாக்க நீட்டு. எப்படி இருக்குன்னு சொல்லு."

நான் பின்னால் நகர்ந்தேன்.

"அட, இதுக்கும் வெக்கமா? அதைப் பண்றவளுக்கே ருசி தெரியாமப் போனா எப்படிம்மா?"

நீட்டினேன். குரல் வராதவளால் மறுக்கவும் முடிவதில்லை. கசப்பு, அப்புறம் புளிப்பு, அப்புறம் இளஞ்சூடாக ஒரு வழவழப்பு. அந்த வழவழப்பு சாக்லேட்டுடையதுதானா என்று நாக்கு கேட்டுக்கொண்டே இருந்தது. பின்கட்டுக்குப் போய் விரலை விட்டு வாந்தியெடுத்தேன்.

அடுத்த வாரம் காய்ச்சல். ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. நாக்கு, உதட்டின் உள்பக்கம், அண்ணம் என்று வாய் முழுக்கக் கொப்புளம். கஞ்சித்தண்ணீர்கூட நெருப்பாக இறங்கியது. அம்மா வந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். அந்த டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரோட எச்சில் கரண்டியாவது வாயில வெச்சியா? உதட்டுல புண்ணு இருக்கறவங்களோடது?"

நான் தலையாட்டினேன்.

"நீ வளந்த பொண்ணு, தாங்கிக்கிட்ட. கைக்குழந்தை இருக்கற வீடுன்னா ரொம்ப ஜாக்கிரதை. குழந்தைக்கு வந்தா வாயோட நிக்காது."

கைக்குழந்தை இருக்கிற வீடுதான். சித்தியின் பாப்பா அப்போதுதான் கவிழத் தொடங்கியிருந்தாள்.

அம்மா வழி முழுக்க என்னைத்தான் திட்டினாள். "இதைப் போய் அங்க உளறி வெக்காதே. அந்த மனுஷன் நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காரு! இருக்கற இடத்தையும் கெடுத்துக்காதே." திரும்பி வந்ததும் சித்தியிடம் மட்டும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவள் முகத்தைப் பார்க்காமல், டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுவரை இல்லை.

சித்தி மடித்த துணியை மறுபடி உதறி மறுபடி மடித்தாள். "எனக்கும் கல்யாணமான புதுசுல வந்துச்சுடி. தானா போயிடுச்சு. டாக்டருங்க பயமுறுத்தத்தான் செய்வாங்க. பாப்பாதான் அவரு மூஞ்சியைக் கிட்ட விடறதே இல்லியே."

அது உண்மை. மீசை குத்துகிறது என்று பாப்பா அவர் குனிந்தாலே வீரிட்டு அலறுவாள். ஒரு முத்தம்கூட வாங்கியதில்லை. "என் பொண்ணுக்கு என்னைப் பிடிக்கல, என் சாக்லேட்டாவது பிடிக்குதான்னு பாப்போம்" என்று சித்தப்பா சிரிப்பார். பாப்பாவுக்குப் பல் முளைத்ததும் அந்தச் சிரிப்பு ஒரு தீர்மானமாகிவிட்டது. புதுத் தோப்பிலிருந்து வந்த முதல் கொட்டையில் செய்த சாக்லேட், அதைத்தான் பாப்பாவின் நாக்கில் முதலில் தொட்டு வைக்க வேண்டும். அதையும் வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் செய்ய வேண்டும்.

அவர்கள் வருவதாக இருந்த வாரத்தில் அவர் உதட்டில் மறுபடியும் கிளம்பியது. அதே ஓரம், அதே கொத்து.

நான் என்னால் ஆனதைச் செய்தேன். பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த, சாக்லேட்டின் சூடு பார்க்கிற தெர்மாமீட்டரை எடுத்துத் துடைத்துச் சலவைக்கல் பக்கத்தில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார்.

"ஏய் ஊமைக்கோட்டான், யாருக்குக் காய்ச்சல்?"

நான் அவர் உதட்டைப் பார்த்தேன். அவர் கொப்புளத்தை நாக்கால் தடவிக்கொண்டார்.

"இது பொய் சொல்லும்டி. பேட்டரி தீந்தா ஒண்ணு சொல்லும், தீராட்டி ஒண்ணு சொல்லும். உதடு பொய் சொல்லாது" என்று அதை எடுத்து மறுபடி பெட்டியில் போட்டார்.

அவர்கள் வருகிற அன்று காலையில் சித்தியிடம் போனேன். கண்ணாடி முன்னால் பாப்பாவுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, பாப்பாவுக்கு அந்தக் கரண்டி வேண்டாம். தனிக் கரண்டில, தனியா எடுத்து வெச்சதைக் கொடுங்க."

"இன்னிக்கா இதைப் பேசுவ? வீடு முழுக்க ஆள் வரப்போறாங்க."

"அவரு உதட்டைப் பாத்தீங்களா?"

"நான் பாக்காததையா நீ பாத்துட்ட?" சித்தியின் குரல் சட்டென்று ஏறியது. அப்புறம் இறங்கியது. "அப்புறம் பேசிக்கலாம். போய்த் தம்ளர எடுத்து வை."

நான் தம்ளர்களை எடுத்து வைத்தேன்.

வந்தவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். கேக் கடை நடத்துகிற அம்மா, வாய் ஓயாது. கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவர், கேமராவைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்திருப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பல் டாக்டர், அவர் மனைவி. இன்னும் சிலர். எல்லோருக்கும் சித்தப்பாவைப் பார்த்தாலே முகம் மலர்ந்துவிடும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தாங்கள் ஏதோ புண்ணியம் செய்துவிட்ட மாதிரி ஒரு தெளிவு வந்துவிடும்.

சித்தப்பா ஆரம்பித்தார். தோப்பைப் பற்றிச் சொன்னார், அங்கே காய் பறிக்கிற அக்கா தங்கைகளைப் பற்றிச் சொன்னார். அவர் பேச்சில் ஒரு பொய் கிடையாது. பிறகு என் கையில் இருந்த தண்ணீர்க் கூஜாவைக் காட்டினார்.

"இந்த ரூமுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரக் கூடாது. இன்னிக்கு நீங்க வாய் கொப்பளிக்கறதுக்காகத்தான் விட்டிருக்கேன். உருகின சாக்லேட்ல தண்ணி பட்டா அவ்வளவுதான், மொத்தமும் களிமண்ணாப் போயிடும். ஊமைக்கோட்டான், அந்தப் பக்கமாவே நில்லும்மா."

"பேசாத பொண்ணுங்க காரியத்துல கெட்டி" என்றார் கேக் கடைக்கார அம்மா. "எங்க கடைல ஒருத்தி இருக்கா, வாய் மட்டும்தான் வேலை செய்யும்."

எல்லோரும் சிரித்தார்கள். கல்லின் மேல் சாக்லேட் விரிந்தது, குவிந்தது, மறுபடி விரிந்தது. பார்க்க அழகாக இருந்ததை நான் மறுக்கவில்லை. வாரிப் பாத்திரத்தில் போட்டார். கரண்டி நுனியில் எடுத்தார். கண்ணை மூடினார்.

கொப்புளம் உடைந்திருந்தது. சாக்லேட் அதன் மேல் பட்டு, நசுங்கி, ஓரத்தில் மினுங்கியது. நாக்கு வந்து வழித்துக்கொண்டு போனது. படக்காரர் குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் நின்று படம் எடுத்தார். பல் டாக்டர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு சித்தப்பாவின் உதட்டையே பார்த்தார். எத்தனை ஆயிரம் வாய்க்குள் பார்த்த கண்! அந்தக் கண் கண்டுகொண்டதை நான் கண்டுகொண்டேன். அவர் ஏதாவது சொல்வார் என்று நினைத்து எனக்கு நெஞ்சே லேசாகிவிட்டது.

அவர் தன் மனைவியைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த படங்களைப் பார்க்கத் தொடங்கினார்.

"வந்துடுச்சு" என்றார் சித்தப்பா. கரண்டி பாத்திரத்துக்குள் போனது. கைதட்டினார்கள். "பாப்பாவைக் கொண்டாங்க!"

சித்தி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். என்னைக் கடக்கும்போது என் பக்கம் திரும்பவில்லை. பாப்பா பளபளப்பைப் பார்த்துக் கையை நீட்டினாள். எச்சில் ஒழுக வாயைத் திறந்தாள். உள்ளே அரிசி மாதிரி கொஞ்சம் பல். சித்தப்பா கரண்டியை எடுக்கப் போனார்.

என் தொண்டையில் வார்த்தை இருந்தது. எப்போதும் போல அங்கேயே இருந்தது. ஆனால் கை என்னிடம் வார்த்தை கேட்கவில்லை. நான் மேசையைச் சுற்றிக்கொண்டு போய்க் கூஜாவைப் பாத்திரத்தில் சாய்த்தேன்.

அதிகம் இல்லை, ஒரு தம்ளர் இருக்கும். சித்தப்பாவின் கை தானாகக் கலக்கியது. கரண்டி முதலில் சுலபமாகச் சுழன்றது, பிறகு இறுகியது. பளபளப்பு செத்தது. கண் எதிரிலேயே சாக்லேட் திரிந்து, மண்மண்ணாகி, கட்டிகட்டியாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

"ஐயோ!" என்றார் கேக் கடைக்கார அம்மா. சொந்தப் பிள்ளை கிணற்றில் விழுந்த மாதிரி.

சித்தப்பாவுக்குக் கோபம் வரவில்லை. அவர் முகத்தில் ஒன்றுமே புரியாத ஒரு குழப்பம். "என்னம்மா பண்ணிட்ட?"

வகுப்பில் எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இந்த முறை குரல் வந்தது. யாருடையதோ மாதிரி கீச்சென்று வந்தது.

"உங்க உதட்டுல இருக்கற புண்ணு அதுல ஒட்டியிருக்கு. ஒவ்வொரு தடவையும் கரண்டியை உள்ள போடறீங்க. பாப்பாவுக்கு வந்தா தாங்க மாட்டா. எனக்கு அப்படித்தான் வந்துச்சு."

படக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். யாரோ கைக்குட்டையை எடுத்து வாயை ஒற்றிக்கொண்டார்கள். சித்தப்பாவின் நாக்கு தானாக வெளியே வந்து உதட்டு ஓரத்தைத் தொட்டது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். முதல்முறையாக எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

சித்தி பாப்பாவின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அதோடு முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"சின்னப் பொண்ணு, பயந்துடுச்சு" என்றார் பல் டாக்டரின் மனைவி.

"பாசம்தானே காரணம்? பாப்பா மேல உசுரு" என்றார் கேக் கடைக்கார அம்மா. "இதுக்கெல்லாம் மனசு விடாதீங்க சார். எங்கள்ல யாரு எச்சில் படாமப் பொறந்தோம்?"

சித்தப்பாவின் தோள் மெல்ல நிமிர்ந்தது. பாத்திரத்தைப் பார்த்தார். ஒரு யோசனை அவர் முகத்தில் ஏறுவது தெரிந்தது. "வீணாக்க மாட்டேன்" என்றார். "எத்தனை பேரு உழைப்பு இது! கெட்டுப்போச்சுன்னா பாலை ஊத்தி இளக்கிடலாம். குடிக்கற சாக்லேட். தப்புலேருந்து வர்றதுதான் பெரிய ருசி."

பால் வந்தது. கொதிக்கவைத்த பால் அல்ல, கை பொறுக்கிற சூடு. கட்டிகள் கரைந்தன. அவர் அதே கரண்டியால் கலக்கினார். கோப்பைகளில் ஊற்றி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்.

யாராவது ஒருவர் வைத்துவிடுவார் என்று நான் காத்திருந்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் முதலில் வைக்கிறாரோ அவர்தான் நல்லவரை அவமானப்படுத்தியவர். அதனால் யாரும் வைக்கவில்லை. கேக் கடைக்கார அம்மா முதலில் குடித்தார். "ஆகா, என்ன அடர்த்தி!" என்றார். ஒவ்வொரு வாயாகத் திறந்தது. தொண்டைகள் ஏறி இறங்கின. சித்தப்பாவே நேராக நின்று பார்த்ததால் பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு மருந்து மாதிரி ஒரே மூச்சில் விழுங்கினார். பிறகு புன்னகை செய்தார். பல்லெல்லாம் பழுப்பாக இருந்தது.

எனக்கு ஒரு கோப்பை வந்தது. நான் அதை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன்.

அவர்கள் போனபிறகு கோப்பைகள் கழுவ வந்தன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஓர் உதடு பதிந்திருந்தது. சிலதில் சாயம், சிலதில் பாலாடை, சிலதில் வெறும் வழவழப்பு. உள்ளே ஒரு சொட்டு மிச்சமில்லை. அடிவரை வழித்துக் குடித்திருந்தார்கள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினேன். கை சிவந்தது. அந்த வாடை போகவில்லை. நல்ல சாக்லேட்டின் வாடைதான் அது.

சித்தப்பா வாசலில் வந்து நின்றார். "என்கிட்டத் தனியா சொல்லியிருக்கலாமேம்மா."

தெர்மாமீட்டர் என்று சொல்ல நினைத்தேன். குரல் மறுபடி போய்விட்டிருந்தது. அவர், நீ சின்னப் பெண், உன்னை மன்னித்துவிட்டேன் என்பது போலத் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டல் கரண்டியைவிடக் குமட்டியது.

என்னை அம்மாவிடம் அனுப்பிவிடுவார்கள் என்று துணியை எடுத்து வைத்திருந்தேன். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த சாக்லேட்டைப் பதப்படுத்தும் நாளில் சித்தி என்னையும் பட்டறைக்குக் கூப்பிட்டாள். வெளியாள் யாரும் இல்லை. பாப்பா உள்ளே தூங்கினாள்.

சித்தப்பா கல்லில் இழுத்தார், குவித்தார், வாரிப் போட்டார். கரண்டி நுனியில் எடுத்துத் தூக்கியவர், என்னைப் பார்த்துத் தயங்கினார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகிலேயே எனக்குத் தெரிந்தது, கண் மூடுவதும், நாக்கு வருவதும்.

"வந்துடுச்சு" என்றார் சுவரிடம்.

திரும்பியபோது சித்தி எதிரில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"கொடுங்க."

"எது?"

"கரண்டியைக் கொடுங்க."

"இருடி, இறுகிடும். அச்சுல ஊத்தணும்."

"இறுகட்டும்."

அவர் சிரித்துப் பார்த்தார். சித்தி சிரிக்கவில்லை. கை நீட்டியபடியே இருந்தது. பாத்திரத்தில் சாக்லேட்டின் மேல் மெல்லத் தோல் கட்டத் தொடங்கியது. அவர் கண் பாத்திரத்துக்கும் அவள் முகத்துக்கும் போய்ப்போய் வந்தது. கடைசியில் கொடுத்தார். சித்தி அதை இரண்டு விரலால் மட்டும் பிடித்து, உடம்பில் படாமல் தூரமாக நீட்டி, செத்த எலியைத் தூக்கிக்கொண்டு போகிறவள் மாதிரி என்னிடம் கொண்டுவந்தாள். அவள் மூக்கு சுருங்கியிருந்தது. அந்த முகத்தை நான் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன்.

"கொதிக்கற தண்ணில போடு" என்றாள். பிறகு பெட்டியைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்து, முந்தானையில் துடைத்து, அவர் முன்னால் வைத்தாள்.

நான் கரண்டியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்க் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். நுனியில் ஒட்டியிருந்தது இளகி, பழுப்பாக மேலே மிதந்து வந்தது. அதில் ஒரு மீசை மயிர் சுற்றிச் சுற்றி வந்தது.